எம்டன்: ஒரு சொல்லும் அதன் வரலாறும்

துணிவும் தந்திரமும் மிக்க ஒருவனை "அவன் பெரிய எம்டன்" என்று கூறுவது தமிழ் மக்களிடையே நெடுநாளைய வழக்கு. சிங்கள மக்களின் பேச்சிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. இதனைப் பயன்படுத்துவோருட் பலர் இது ஒரு கப்பலின் பெயர் என்பதை அறியார். அறிந்தோருட் பலரும் கதையையும் வரலாற்றையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. கல்கிசைக் கடற்கரையில் நின்று மேற்றிசை நோக்கும் ஒருவனுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. அதன் ஒரு பகுதி நம் கண்ணெதிரே விரிந்துள்ள கடலிலேயே நிகழ்ந்தது.

எம்டன் என்பது ஜேர்மனியின் வடமேற்கிலுள்ள ஒரு துறைமுக நகரின் பெயர். அப்பெயர் தாங்கிய கப்பல் 1908 ஆம் ஆண்டு டான்சிக் நகரிற் கடலில் இறக்கப்பட்டது. அது பெரும் போர்க்கப்பலன்று. 'குரூசர்' எனப்படும் விரைவுக் கப்பல்களுட் சிறியதொன்று. அதிலிருந்தவை 10.5 சதமமீற்றர் வாயுடைய பத்துப் பீரங்கிகளே. மணிக்கு 23 கடல்மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் செல்லவல்லது. சீனத்தின் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த இக்கப்பலின் தலைவர் கார்ல் வொன் முல்லர். 1914 ஆகஸ்டில் முதலாம் உலகப்போர் மூண்டபோது, ஜேர்மன் கீழைக் கடற்படை பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து செல்ல முடிவு செய்தது. முல்லரோ தனியொரு கப்பலாக இந்து சமுத்திரத்துக்குச் செல்ல அனுமதி பெற்றார்.

எம்டன் இயங்கிய கடற்பரப்பில் ஜேர்மனிக்கு ஒரு துறைமுகமேனும் இல்லை. நிலக்கரியால் ஓடும் கப்பலுக்கு இதனினும் பெரிய இடர் யாது? நிதானமான வேகத்திற் சென்றாலும் ஏறத்தாழ 3,700 கடல்மைலுக்கு ஒருமுறை எம்டன் கரி நிரப்பியாக வேண்டும். ஆதலின் முல்லர் பகைவரின் கரியையே தமது கரியாக்கினார். நிலக்கரி கொண்டுசென்ற கப்பல்களைச் சிறைப்பிடித்துத் தம்முடன் இட்டுச் சென்றார். மூன்று புகைபோக்கிகளையுடைய தம் கப்பலுக்குக் கித்தான் துணியால் நான்காவது புகைபோக்கியொன்றைப் பொய்யாக அமைத்து, பிரித்தானியக் கப்பலெனத் தோன்றச் செய்தார். பிடிபட்ட வணிகக் கப்பல்களின் மாலுமிகளை வேறொரு கப்பலிற் பத்திரமாக ஏற்றிய பின்னரே அக்கப்பல்களை மூழ்கடித்தார். இதனாற் பகைவர் நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின.

செப்டெம்பர் 10 ஆம் திகதி முதல் வங்காள விரிகுடாவிற் பல கப்பல்கள் பிடிபட்டன. 22 ஆம் திகதி இரவு எம்டன் சென்னைப் பட்டினத்தை அணுகி, கரையிலிருந்த பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகள்மீது குண்டு பொழிந்தது. அரைமணி நேரத்துக்குள் ஏறத்தாழ 125 குண்டுகள் வீசப்பட்டன. இரு தாங்கிகள் தீப்பற்றி எரிந்தன. உயிரிழந்தோர் ஒரு சிலரே. ஆயினும் அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர். குண்டினால் விளைந்த சேதத்திலும் அச்சத்தால் விளைந்த சேதமே பெரிது. அன்றைய தாக்குதலை நினைவூட்டும் கல்வெட்டொன்று சென்னை உயர்நீதிமன்ற மதிலில் உள்ளது.

சென்னையிலிருந்து தெற்கே விரைந்த எம்டன், இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கடலுக்கு வந்தது. செப்டெம்பர் 25 ஆம் திகதி 'கிங் லட்' என்னும் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அன்றிரவு கொழும்புத் துறைமுகத்தின் தேடுவிளக்குகள் வானிற் சுழல்வதை எம்டனின் மாலுமிகள் கண்டனர். அத்துணை அருகில், யாவாவிலிருந்து சீனி ஏற்றி வந்த 'ரைமெரிக்' அவர்கள் கையிற் சிக்கியது. தொடர்ந்து 'புரெஸ்க்' என்னும் கப்பல், பிரித்தானியக் கடற்படைக்கென ஏற்றப்பட்ட உயர்தர வேல்ஸ் நிலக்கரியுடன் அகப்பட்டது.

அக்டோபர் 28 ஆம் திகதி விடியற்காலையிற் பினாங்குத் துறைமுகத்துட் புகுந்து, 'செம்சுக்' என்னும் ருஷ்யக் குரூசரையும், பின்னர் வெளிக்கடலில் 'மூஸ்கே' என்னும் பிரெஞ்சு நாசகாரியையும் எம்டன் அழித்தது. நவம்பர் 9 ஆம் திகதி, கொக்கோஸ் தீவிலிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க முல்லர் ஆட்களை இறக்கினார். அதற்குமுன் நிலையத்தார் அனுப்பிய செய்தி, ஒல்பனியிலிருந்து கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைக்கப்பல்களின் காவற் கப்பல்களுக்கு எட்டியது. அவற்றுள் ஒன்றான 'சிட்னி' விரைந்து சென்றது. அதன் ஆறங்குலப் பீரங்கிகளின் முன் எம்டன் நெடுநேரம் நிற்க இயலவில்லை. சிதைந்த கப்பலை முல்லர் வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். நூற்று முப்பதுக்கு மேற்பட்ட அதன் மாலுமிகள் மாண்டனர்.

நவம்பர் 15 ஆம் திகதி, காயமுற்ற ஜேர்மன் மாலுமிகளையும் ஏற்றிக்கொண்டு சிட்னி கொழும்புத் துறைமுகத்துட் பிரவேசித்தது. வெற்றி முழக்கம் வேண்டாம் என அதன் தலைவர் குளொசொப் முன்னரே கேட்டிருந்தார். கப்பல்களிலே திரண்டு நின்ற படைவீரர் ஓசையின்றி நின்றனர். வென்றவர் தோற்றவருக்குச் செய்த அம்மரியாதை நம் துறைமுகத்தின் வரலாற்றில் நினைவுகூரத்தக்கது.

ஆயினும் இவ்வரலாற்றில் மரியாதை பெறாத ஒருவரும் உண்டு. போயர் யுத்தக் கைதியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து, இங்கேயே தங்கி, யால வனத்தின் காவலராகப் பணிபுரிந்தவர் எங்கெல்பிரெக்ட். எம்டனுக்கு இறைச்சி வழங்கினார் என்னும் வதந்தியின் பேரில் அவர் சிறைவைக்கப்பட்டார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. எம்டன் இலங்கைக் கரையில் எங்கும் நங்கூரமிடவில்லை. பிடிபட்ட கப்பல்களே அதற்குக் கரியும் உணவும் அளித்தன. கப்பலின் பயணத்தை நாள்வாரியாக ஆராய்ந்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஐயம் அது. அச்சமோ ஆராயவில்லை, அந்நியனாய் நின்றவனைப் பற்றிக்கொண்டது.

இதற்கு மறுதலையாக, புகழ்ச்சியும் வதந்தியை வளர்ப்பதுண்டு. செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து சென்னையைத் தாக்கச் செய்தார் என்று தமிழ்நாட்டிற் பலர் எழுதியுள்ளனர். அவர் நாட்டுப்பற்று மிக்கவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1914 செப்டெம்பரில் அவர் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் அரசியற் பணியில் ஈடுபட்டிருந்தார். பசிபிக்கிலிருந்து நேரே வந்த கப்பலில் அவர் ஏறியிருத்தல் எங்ஙனம்? அவர் பெருமைக்கு இக்கட்டுக்கதை தேவையுமன்று.

வெறுப்பினாற் பிறந்த வதந்தி ஒருவரைச் சிறையிலிட்டது. விருப்பினாற் பிறந்த வதந்தி ஒருவரைக் கப்பலில் ஏற்றியது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பதே வரலாற்றுக் கல்வி. நாளும் இடமும் சான்றும் யாவை என்று கேட்கும் பழக்கத்தைப் பள்ளி வாங்கில் இருந்தபோது நம் ஆசிரியர்கள் நமக்கு ஊட்டினர். இனி எவரையேனும் 'எம்டன்' என்று அழைக்கும்போது அக்கேள்வியும் நம் நினைவுக்கு வருமாயின், அச்சொல்லின் பொருளை முழுதும் அறிந்தவர்களாவோம்.