பொட்டலம் கட்டப் பழகுகிறவர்களுக்கு

தீபாவளி, கிறிஸ்துமஸ் பரிசுகளை ஜிகினா பேப்பரில் சுற்ற வேண்டாம் என்று நினைக்கிற பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் அதற்கென்று 'இயற்கைத் தாள்' ஆர்டர் போட்டு, அது பிளாஸ்டிக் உறைக்குள் வந்து இறங்குவதையும் பார்க்கிறேன். ஜவுளிக்கடையில் பொட்டலம் கட்டியே நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. கட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: பிரித்த பிறகு இது எங்கே போகும்? குப்பைக்கு என்றால் வேறு பாருங்கள். அலமாரிக்கோ அடுப்படிக்கோ என்றால் தாராளமாகக் கட்டுங்கள்.

2. கடைக்காரர் 'பேப்பர்' என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். ஒரு துண்டைக் கையில் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே கிடந்தால் தாள். மெல்ல விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. துணிப்பையிலும் இந்த ஏமாற்று உண்டு. 'நான்-ஓவன்' பை பார்க்கத் துணி மாதிரியே இருக்கும், உண்மையில் அது பாலிப்ரொப்பிலீன். ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீக்குச்சி காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகி மணியாகத் திரளும். (கடைக்குள் நின்று செய்யாதீர்கள், விரட்டுவார்கள்.)

3. துணிதான் ராஜா. பருத்திச் சேலை உடல் நைந்தாலும் முந்தானை நன்றாகவே இருக்கும். அதில் சதுரம் வெட்டி ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். அளவுக்குக் கணக்கு உண்டு: துணியின் மூலைக்கு மூலை நீளம், பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு. துணியை மூலை உங்களைப் பார்க்கும்படி விரித்து, நடுவில் பெட்டியை நேராக வையுங்கள். கீழ் மூலையையும் மேல் மூலையையும் பெட்டிமேல் மடித்துப் போட்டு, இடவல மூலைகளை இழுத்து முடிச்சுப் போடுங்கள். முதல் சுற்றில் வலது நுனி மேலே என்றால், அடுத்த சுற்றில் இடப்பக்கம் இருக்கும் நுனி மேலே. இரண்டு முறையும் ஒரே பக்கத்து நுனியை மேலே போட்டால் முடிச்சு குறுக்கே திரும்பி நிற்கும், நழுவும். ஜப்பானியர்கள் இதை ஃபுரோஷிகி என்று ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். பாலியஸ்டர் வழுக்கும், வேண்டாம்.

சம்பந்தி வீட்டுக்கு மட்டும் பழைய சேலைத் துணியில் கட்டிக் கொண்டுபோய்விடாதீர்கள். சுற்றுச்சூழல் விளக்கமெல்லாம் அங்கே எடுபடாது. புது ரவிக்கைத் துணியிலோ கைத்தறித் துண்டிலோ கட்டுங்கள். எப்படியும் வைத்துக் கொடுக்கிற பொருள்தானே, அதுவே உறையாகட்டும்.

4. புத்தகத்துக்குச் சிவகாசி மாதக் காலண்டர் தாள். கனமானது, ஒரு பக்கம் வெள்ளை. சாமி படம் உள்ள தாளில் கட்டாதீர்கள். கிழிக்க மனம் வராமல் வாங்கியவர் தவிப்பார்.

5. தின்பண்டத்தைச் செய்தித்தாளில் மடிக்கவே கூடாது. அச்சு மை எண்ணெயில் ஊறி இறங்கும்; இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016இல் இதை எச்சரித்திருக்கிறது. முறுக்கு, அதிரசத்துக்குத் தென்மாவட்டத்துப் பனையோலைப் பெட்டி, உள்ளே வாழையிலைச் சருகோ மந்தாரை இலையோ. புவிசார் குறியீடு வாங்கிய செட்டிநாட்டுக் கொட்டான் இன்னும் அழகு, சீர்வரிசைக்கென்றே பின்னியது. ஆனால் சாயமேற்றிய ஓலை, அதனால் பலகாரத்தை நேராக அதில் போடாதீர்கள்.

6. செல்லோடேப்பைத் தொடாதீர்கள். நல்ல தாளையும் ஒரே தடவையில் பாழாக்குவது அதுதான். சணல் நூல், வாழைநார் போதும். ஒட்டியே ஆகவேண்டும் என்றால் மைதாப் பசை.

7. பிளாஸ்டிக் ரிப்பன் இருக்கும் இடத்தில் நாலு வாடாமல்லி. காய்ந்தாலும் நிறம் போகாது. துணிமணிப் பரிசு என்றால் ஒரு பிடி வெட்டிவேரைக் கட்டிச் செருகுங்கள். வாங்கியவர் அதைப் பீரோவில் போட்டுக்கொள்வார்.

8. எதுவும் கைவசம் இல்லையா? மஞ்சப்பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் ஆரம்பித்தது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பட்டணம் வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த காலமும் எனக்குத் தெரியும். இப்போது கல்யாணத் தாம்பூலமே அதில்தான் கொடுக்கிறார்கள்.

9. ஓலைப்பெட்டி வாங்குவதைப் புரட்டாசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் ஓலை ஈரம் வாங்கிப் பூசணம் பிடிக்கும். வாங்கியதை ஒருநாள் நிழலில் உலர்த்தி, காற்றோட்டமாக வையுங்கள். பாலித்தீனில் கட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள்.