குறட்டை விடும் குழந்தை: கேள்வித்தாள் போதுமா?

கேள்வி: என் ஆறு வயது மகன் தினமும் குறட்டை விடுகிறான். மருத்துவர் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரச் சொன்னார். தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று அதை வைத்தே சொல்லிவிட முடியுமா?

பதில்: சந்தேகத்தை உறுதியாக எழுப்பலாம், நோயை முடிவு செய்ய முடியாது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் செர்வின் குழுவினர் 2000-இல் வெளியிட்ட கேள்வித்தாள் பரவலாகப் பயன்படுகிறது. மொத்தம் 22 கேள்விகள். தூங்கும் நேரத்தில் பாதிக்கு மேல் குறட்டையா, மூச்சு நின்றதைப் பார்த்தீர்களா, காலையில் வாய் உலர்ந்திருக்கிறதா, படுக்கையை நனைக்கிறானா என்று கேட்கும். எட்டு 'ஆம்' வந்தால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். பகலில் கவனம் சிதறுகிறதா, ஓரிடத்தில் உட்கார மறுக்கிறானா என்றும் அதில் உண்டு. இது முக்கியம். தூக்கம் கெட்ட பெரியவர்கள் சோர்ந்து விழுவார்கள். குழந்தைகள் பலர் துறுதுறுவென்று ஓடுவார்கள். 'சேட்டைக்காரன்' என்று அடி வாங்குகிற பிள்ளைக்கு, மூச்சுப் பாதையை அடைக்கும் வீங்கிய டான்சிலோ அடினாய்டோ காரணமாக இருக்கலாம்.

ஆனால், குழந்தைகளுக்கு மூச்சுத் தடை பெரும்பாலும் கனவுத் தூக்கத்தில்தான் மிகும். அந்தத் தூக்கம் விடியலை ஒட்டி அதிகம். அப்போது பெற்றோரும் அயர்ந்து தூங்குவார்கள். எனவே 'இல்லை' என்ற பதிலை முழுதாக நம்ப முடியாது. உறுதி செய்ய, இரவு முழுக்க மூச்சையும் ஆக்சிஜனையும் மூளை அலைகளையும் பதியும் தூக்கப் பரிசோதனை தேவை.

கேள்வித்தாளை நிரப்பும் முன் சில நாள் அதிகாலையில் எழுந்து மகனின் மூச்சைக் கவனியுங்கள்; கைபேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள்.