மலையில் முதல் போஸ்டிங்: சுகர் நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாக

ஜமுனாமரத்தூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ ஆர்டர் வந்திருக்கிறதா? பிரஷர், சுகர் நோயாளிகளின் பதிவேடு முதல் வாரமே உங்கள் மேஜைக்கு வந்துவிடும். சர்க்கரை அளவை எழுத அதில் இடம் இருக்கும். ஆள் எந்த மாதம் ஊரில் இருப்பார் என்று எழுத இருக்காது. ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டு அந்தக் கட்டத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள் இங்கே ஒன்றுக்கொன்று எட்டி எட்டி இருக்கும். காட்டு வேலை முடிந்ததும் கூலிக்கு வெளியூர் போகிறவர்கள் உண்டு. 'மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை' என்று எழுதும் முன், அவர் ஊரில் இருந்தாரா என்று விசாரியுங்கள். கிளம்பும் முன்பே வந்தால் கூடுதல் நாட்களுக்கு மாத்திரை கொடுக்க முடியுமா என்று மருத்துவ அலுவலரிடம் பேசி வையுங்கள். போகிற இடத்தில் காட்ட, மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

யார் எப்போது கிளம்புகிறார் என்பது உங்களைவிட மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலருக்குத்தான் நன்றாகத் தெரியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. மாத்திரை வீட்டுக்கே போகிறது. அந்த அக்காவிடம் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் பேசுங்கள். கணினியில் பதிவேற்றும் வேலை கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அடுத்தது, சாப்பாடு. வெறும் வயிற்றில் வரச் சொன்னால், பல கல் தொலைவிலிருந்து வருகிறவர் பசியோடு நடந்து வருவார், அல்லது வரவே மாட்டார். "கடைசியா எப்போ சாப்பிட்டீங்கம்மா?" என்று கேட்டு, நேரத்தையும் அளவோடு சேர்த்துக் குறியுங்கள். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போட்டால் வயிற்றுத் தொல்லை குறையும். தனியாக அது சர்க்கரையை அபாயமாகக் கீழே இறக்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு அப்படியல்ல. காலையில் மாத்திரை போட்டு, சாப்பிடாமல் கொல்லைக்குப் போய் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தால் மயக்கம் வரும். வியர்வை, நடுக்கம், படபடப்பு என்றால் அளந்து பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, அவரால் விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தேறியதும் உடனே அனுப்பிவிடாதீர்கள். இந்த மாத்திரைகளின் வேகம் மணிக்கணக்கில் நிற்கும். சாப்பிட வைத்து, உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

சாமைக்கு வருவோம். மலையில் விளைகிற சாமை சர்க்கரையை ஏற்றாது என்று கீழ்நாட்டுக் கடைக்காரர் சொல்லலாம்; நீங்கள் சொல்லாதீர்கள். தீட்டாத சாமையில் நார் உண்டு, நல்லதுதான். தட்டு நிறையக் குவித்தால் அதுவும் மாவுச்சத்துதான். ரேஷன் அரிசியைத் திட்டி நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். அளவைக் குறைத்து, அவரை, மொச்சை, கீரையைக் கூட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பதை வைத்துச் சொன்னால்தான் நடக்கும்.

எச்பிஏ1சி வந்திருந்தால் கூடவே ஹீமோகுளோபினையும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் அந்த எண் உள்ளதைவிட ஏறித் தெரியலாம். அதை மட்டும் நம்பி மாத்திரையைக் கூட்டிவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளிப் பரிசோதனை. சர்க்கரையும் காசநோயும் ஒன்றையொன்று இழுத்து வரும்.

கால்களை நீங்களே குனிந்து பாருங்கள். விரல் இடுக்கில் முள் குத்திய புண் இருந்தும் வலியே இல்லை என்பார், வலிக்காததுதான் பிரச்சினை. புண்ணைச் சுற்றிச் சிவந்து காய்ச்சலும் இருந்தால் அன்றே கீழே அனுப்ப வேண்டும். 300ஐத் தாண்டிய சர்க்கரையோடு வாந்தி, வேகமூச்சு என்றால் 108தான். மற்றவர்கள் பஸ்ஸில்தான் போவார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு, ரெஃபரல் சீட்டுக் கட்டின் அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.