உறையும் நீரும் உடையும் குழாயும்

வெப்ப நாட்டில் வளர்ந்த நமக்கு, நீர் உறைவது என்றால் குளிர்பதனப் பெட்டிதான் நினைவுக்கு வரும். கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தில் பணிபுரியும் நான், இலையுதிர்காலந்தோறும் செய்யும் ஒரு வேலையின் அறிவியலை இங்கு விளக்க விரும்புகிறேன்.

காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடே கேம்பர் டிரெய்லர். அதில் சமையலறையும் குளியலறையும் உண்டு. குளிர்காலம் முழுவதும் அது வெளியில் நிற்கும். சில நாள்களில் வெப்பநிலை −30 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகுகிறது. மூடிய குழாயில் அதற்கு இடமேது? குழாயும் பம்ப்பும் வெடித்துவிடும். பனி உருகிய பிறகுதான் கசிவு தெரியவரும்.

இதைத் தவிர்க்க உறைதடுப்புத் திரவம் உதவுகிறது. ஆனால், கார் எஞ்சினுக்குப் பெரும்பாலும் பயன்படும் எத்திலின் கிளைக்கால் கொடிய நஞ்சு. சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையும் பறிக்கும். அதன் இனிப்புச் சுவை ஆபத்தை இன்னும் கூட்டுகிறது. குடிநீர்க் குழாய்க்கு ஏற்றது புரொப்பிலின் கிளைக்கால். அது பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும். எனினும், நிறத்தை நம்பாமல் கலனில் எழுதியிருப்பதைப் படித்தே வாங்க வேண்டும்.

செய்முறை இதுதான்:

1. நீர்சூடேற்றியை அணைத்து, நன்கு ஆறவிட்டு, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தைப் போக்கிய பின் அதன் அடைப்பானைக் கழற்றி நீரை வடிக்கவும். தொட்டிகளையும் தாழ்வான குழாய்களையும் வடித்து மூடவும்.

2. திரவம் சூடேற்றிக்குள் போகாதபடி மாற்றுவழி வால்வைத் திருப்பவும். இல்லையேல் சுமார் 23 லிட்டர் திரவம் அதற்குள்ளேயே வீணாகும்.

3. பம்ப்பின் உறிஞ்சுகுழாயைத் திரவக் கலனில் இட்டு, பம்ப்பை இயக்கவும். சுடுநீர், குளிர்நீர்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் மூடவும். குளியல் தூவியையும் கழிப்பறையையும் மறக்க வேண்டாம்.

4. கழிவுக்குழாய் வளைவுகளில் நீர் தேங்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் சிறிது திரவம் ஊற்றவும்.

நீரை முதலில் வடிப்பது ஏன்? கலனில் −50 பாகை பாரன்ஹீட், அதாவது சுமார் −46 பாகை செல்சியஸ், என்றிருக்கும். அது குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லை. உறையத் தொடங்கும் நிலையன்று. அதற்கு வெகு முன்னரே திரவம் கூழாகிவிடும். கூழ் நகரும், குழாயை உடைக்காது. ஆனால், எஞ்சிய நீர் கலந்து திரவம் நீர்த்துப்போனால் அந்தப் பாதுகாப்பும் குறைந்துவிடும்.

வசந்தம் வந்ததும் நிறமும் சுவையும் நீங்கும்வரை நன்னீர் விட்டு அலசிய பின்பே குழாய்நீரைப் பருக வேண்டும். குளிர்நாடுகளுக்குச் செல்லும் நண்பர்களுக்கு இக்குறிப்பு பயன்படட்டும்.