மறைப்பதும் அகற்றுவதும்

உத்தரகோசமங்கை மங்களநாதசுவாமி திருக்கோயிலில், மார்கழித் திருவாதிரையையொட்டி ஆண்டுக்கொரு முறை மரகத நடராசரின் சந்தனக்காப்பு களையப்படுகிறது. அதனைக் காணப் பெருந்திரளான மக்கள் வருகின்றனர். அவர்கள் நடந்து செல்லும் தெருவோரத்து முற்றங்களில் பழைய டயர்களும் தகரங்களும் குவிந்து கிடப்பது ஊருக்கு அழகாகுமா?

இடமும் பொருளும் தனியாருடையவை. அவற்றால் விளையும் கேடோ ஊராருக்கெல்லாம் பொது. எனவே இப்பொருள்களை நாம் இரு வகையாகப் பிரித்தறிதல் வேண்டும்.

முதல் வகை, மறைத்தும் பயனற்றவை. டயரிலும் தகர டப்பாவிலும் தேங்கும் மழைநீரில், டெங்குவைப் பரப்பும் கொசு ஏறத்தாழ 10 நாட்களில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெறுகிறது. வேலி கொசுவைத் தடுக்காது. இவற்றை அகற்றுக, வைத்தே தீரவேண்டுமெனில் மழை படாத கூரையின்கீழ் வைக்க.

இரண்டாம் வகை, விறகு, செங்கல், மரச்சட்டம் போன்ற பயன்படு பொருள்கள். இவற்றை ஒழுங்காக அடுக்கி, தெருப்பக்கம் பனைமட்டை வேலியோ ஓலைப்படலோ கட்டினால் போதும். காய்ந்த ஓலை எளிதில் தீப்பற்றும். ஆதலால் அது அடுப்புக்கும் வைக்கோற்போருக்கும் எட்டவே இருக்கட்டும். உயிர்வேலி விரும்புவோர் நொச்சியோ ஆடாதோடையோ நடலாம். சீமைக்கருவேல் வேண்டா, அதன் நெற்றுகளைத் தின்னும் ஆடுமாடுகள் விதைகளை வயலெங்கும் பரப்பிவிடும்.

படல் கட்ட இயலாத வறியோரைப் பழித்தல் ஊராட்சிக்கு அழகன்று. அக்டோபர் 2 கிராம சபையில் இதனைப் பேசி முடிவு செய்வோம். பருவமழை வலுக்குமுன் தெருவார் கூடி அவர்களுக்குக் கைகொடுப்போமாக.