மஞ்சள் மாத்திரை போதுமா?

கேள்வி: பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறேன். மாதவிலக்கின்போது இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியாது. எண்டோமெட்ரியோசிஸ் என்கிறார்கள். மஞ்சள் சாற்று மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடுமா?
– வாசகி, சிவகாசி

பதில்: அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள், சகோதரி. கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு, சினைப்பை, வயிற்று உள்சவ்வு என்று வெளியே வளர்வதுதான் இந்த நோய். அது பக்கத்துத் திசுவை அரித்து வேர்பிடிக்க எம்எம்பி-9 என்ற நொதி உதவுகிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் இந்த நொதியை அடக்கி எலிகளில் நோயைக் கட்டுப்படுத்தியதை, கொல்கத்தாவிலுள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவன ஆய்வாளர்கள் 2009-ல் காட்டினார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால், ஈரானில் பெண்களுக்கே 8 வாரம் கொடுத்துப் பார்த்தபோது, மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு வலி குறையவில்லை. குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை.

குழம்பில் மஞ்சள் தாராளமாகச் சேருங்கள். அடர்சாற்று மாத்திரையோ சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. வலி நிவாரணி, ஹார்மோன் மாத்திரை, லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை எனப் பலன் தெரிந்த வழிகள் இருக்கின்றன. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் பெரும்பாலும் கரு தங்காது. குழந்தைக்கு முயல்வதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலைக்குப் போகவிடாத வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை.