ஞாயிறும் உணங்கலும்

உணவை விளைவிப்பது எத்துணை இன்றியமையாததோ, விளைந்ததைக் கெடாமற் காப்பதும் அத்துணை இன்றியமையாததாகும். ஒரு பருவத்தில் மலிந்து கிடைக்கும் காயும் மீனும் மறு பருவத்தில் அருகிவிடுகின்றன. மிகுந்த காலத்துப் பொருளை அருகிய காலத்திற்கெனச் சேமிக்கும் வழியைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். வெயிலில் உலர்த்திய பொருளை அவர்கள் ‘உணங்கல்’ என்றனர். நெய்தல் நில மகளிர் மணற்பரப்பில் மீனை உணக்கி, பறவைகள் கவராமற் காத்திருந்த காட்சியைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. இன்றும் கோடை வந்ததும் சுண்டை வற்றலும், மோர் மிளகாயும், கூழ் வடகமும் வீட்டு மாடிகளிற் காய்வதைக் காணலாம்.

உலர்ந்த பொருள் கெடாதிருப்பதன் காரணம் யாது? உணவைக் கெடுப்பவை கண்ணுக்குப் புலப்படா நுண்ணுயிர்களும் பூசணங்களுமே. நீரின்றி அவை வாழா. தக்காளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பங்கும், மீனில் 70 முதல் 80 பங்கும் நீரே. அந்நீரை நீக்கிவிட்டால் நுண்ணுயிர் பெருக வழியில்லை. கருவாட்டிற்கு இடும் உப்பும் மீனின் நீரை ஈர்த்து வெளியேற்றி, ஞாயிற்றுக்குத் துணை நிற்கிறது.

ஆயினும், உலர்த்துதல் காலத்தோடு நிகழ்த்தும் ஒரு போட்டியாகும். பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரங்களில் நிகழும் கொப்பரைத் தொழில் இதற்குச் சான்று. முற்றிய தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீராகும். அது நூற்றுக்கு 6 பங்காகக் குறைந்தாலன்றிக் கொப்பரை நெடுநாள் நில்லாது. உடைத்த தேங்காய்களைக் களத்தில் பரப்பினால், அவை நன்கு காய ஒரு வாரம் ஆகும். இடையே மழை தூறினாலும், வானம் மூடியிருந்தாலும், ஈரப் பருப்பிற் பூசணம் படர்ந்துவிடும். புழுதியும் ஈயும் பறவையும் விளைக்கும் கேடு வேறு.

பூசணத்தால் பொருள் நட்டம் மட்டுமே விளைவதன்று. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. காரணத்தை ஆராய்ந்த அறிஞர், அவற்றிற்குத் தீவனமாக இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூசணம் உண்டாக்கிய நஞ்சு கலந்திருந்ததைக் கண்டனர். ‘அஃப்ளடாக்ஸின்’ எனப்படும் அந்நஞ்சு ஈரலைத் தாக்கிப் புற்றுநோயையும் விளைவிக்கவல்லது. சமைப்பதால் அது முற்றும் அழிவதில்லை. நிலக்கடலை, மிளகாய், கொப்பரை ஆகியவற்றைக் காலம் தாழ்த்தாது உலர்த்த வேண்டுவது இதனாலேயே.

இக்குறைகளைப் போக்க எழுந்ததே சூரிய உலர்த்தி. இதன் அமைப்பு எளியது. ஒரு பெட்டியின் உட்புறத்திற் கருநிறம் பூசி, மேலே கண்ணாடி பொருத்துவர். கண்ணாடி வழியே புகும் ஒளியைக் கருநிறம் ஈர்த்து வெப்பமாக்குகிறது. அடித்துளை வழியே நுழையும் காற்று சூடேறி, தட்டுகளிற் பரப்பிய பொருளின் ஈரத்தைக் கவர்ந்து, மேற்றுளை வழியே வெளியேறுகிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியையே தாங்கும். 50 டிகிரியிலோ ஏறத்தாழ 83 கிராம் தாங்கும். காற்றைச் சூடாக்குவதன் பயன் இதனால் விளங்கும். இதே முறையில் பாலிகார்பனேட் தகடு வேய்ந்த பெருங்கூடங்களும் அமைக்கப்படுகின்றன. களத்தில் ஒரு வாரம் காயும் கொப்பரை இக்கூடத்தில் மூன்று நான்கு நாட்களிற் காய்ந்துவிடுகிறது. மழைக்கும் புழுதிக்கும் அஞ்ச வேண்டுவதில்லை.

இக்கருவியைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். காய்களை ஒரே அளவினவாக நறுக்குதல் நன்று. தடித்த துண்டுகளில் ஈரம் எஞ்சிவிடும். வெப்பம் அளவு மீறினால் மேற்புறம் மட்டும் இறுகி, உள்ளீரம் வெளிவர இயலாது அடைபட்டுவிடும். கீரைகளின் நிறமும் உயிர்ச்சத்தும் நேர்வெயிலிற் குறைவதால், அவற்றை ஒளி படாத அறையிற் சூடான காற்றினால் உலர்த்துவர். உலர்ந்தவற்றை ஈரம் புகாத கலங்களில் இட்டு மூடி வைத்தலும் வேண்டும்.

ஞாயிறு எவரிடமும் விலை கேட்பதில்லை. குடிசைக்கும் மாளிகைக்கும் அதன் கதிர் ஒன்றே. அக்கொடையோடு மனிதனின் அறிவும் சேரும்போது, உழவன் வியர்வை சிந்தி விளைத்த பொருள் வீணாகாது. உண்பவர் உடலுக்கும் ஊறு நேராது.